சர்க்காரின் மழைப் பாத்திரம்

1935 பிப்ரவரி 4, திங்கள்

மழை இல்லை. ஆறு நேற்றைவிட இன்னும் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

மலாயாக் காட்டில் இந்தக் குன்றுக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். காலையில் முதலில் ஆற்றுக்குப் போய் அளவுக் கம்பத்தைப் பார்க்க வேண்டும். பிறகு குன்றேறி வந்து, குடிசைக்கு முன்னால் மண்ணில் பதித்திருக்கும் செப்புப் பாத்திரத்தைத் திறக்க வேண்டும். மேலே புனல், உள்ளே புட்டி. பெய்த மழை புட்டியில் இருக்கும். இரண்டையும் அளந்து எழுதி சிகாமட் டவுன் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் நான் உதுமான் ராஜா, இந்தக் குன்று என் ராஜ்ஜியம். குடிமக்கள்தான் யாரும் இல்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

ஜும்ஆவுக்குச் சிகாமட் போனேன். காக்கா முன்வரிசையில் இருந்தார். என் கூடப்பிறந்த அண்ணன் மீரா சாகிபு, சாப்பாட்டுக்கடை முதலாளி. தொழுகை முடிந்து எழுந்தபோது அவர் கண் என்மேல் பட்டது. பட்டதும் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

போன வருஷம் கடையில் நாலு பேர் முன்னால் "பருப்பு ஊசிப்போச்சு காக்கா" என்று சொல்லிவிட்டேன். "நாக்கு இம்புட்டு நீளம்னா சர்க்கார்ல போய் உத்தியோகம் பாரு" என்றார். பார்த்துவிட்டேன். பருப்பு ஊசித்தான் போயிருந்தது. இன்னும் பத்துத் தடவை சொல்வேன்.

ஆனாலும் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தக் கடையின் இரைச்சல் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 13, புதன்

பாறை ஆராய்கிற துரை வந்தார். ஆற்றோரத்தில் ஒரு கல்லை உடைத்தார், மோந்தார், நாக்கால் தொட்டும் பார்த்தார். என்ன ருசி என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மலாயில்தான் பேசினார். கல்லுமலை ரப்பர் தோட்டத்திலும் பாலத்தடித் தோட்டத்திலும் கிணறு வற்றிவிட்டதாம். ஆழமாகத் துளை போடும் மிஷின் ஒன்றே ஒன்றுதானாம். எந்தப் பக்கம் மழை குறைவோ அங்கே முதலில் போகுமாம். கல்லுமலை என் குன்றுக்குக் கீழே இருக்கிறது. அதற்கு மழை அளப்பவன் நான். பாலத்தடிக்கு வேறு ஆள். "புட்டியில் இருப்பதை எழுது. மண்டையில் இருப்பதை எழுதாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18, திங்கள்

குன்றுக்குப் பின்னால் ஒரு ஊற்று கசிகிறது. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் குடத்தோடு என் குடிசை வழியாகத்தான் அங்கே போகிறார்கள். இன்று காளியம்மா என்கிற பால்வெட்டுக்காரி நின்று பேசினாள்.

"பாய், லயத்துல புள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போவுது. ஊத்துத் தண்ணி பத்தல. பள்ளத்துச் சேத்துத் தண்ணியத்தான் குடிக்குதுங்க."

அவள் மகனும் படுத்திருக்கிறானாம். அடுப்பில் கஞ்சி இருந்தது. என் கையால் வாங்குவாளோ மாட்டாளோ என்று யோசித்துக்கொண்டே தூக்குவாளியில் ஊற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வாளியை அப்புறம் தருகிறாளாம்.

பிப்ரவரி 21, வியாழன்

வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. புட்டியில் தண்ணீர்! அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நான் தூங்கும்போது தூறியதா? வாசல் மண் காய்ந்து கிடக்கிறதே?

இருப்பதை எழுது என்றார் துரை. எழுதினேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

தினமும் தண்ணீர். பாத்திரத்துக்கு மட்டும் பெய்கிற மழை எங்கேயாவது உண்டா? எழுதினேன். வாளி வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கீழே லயத்திலிருந்து அழுகைச் சத்தம். கிருஷ்ணம்மாவின் கைக்குழந்தை போய்விட்டதாம்.

மார்ச் 5, செவ்வாய்

ஐயாசாமி கங்காணி மேலே வந்தார். மிஷின் பாலத்தடிக்குப் போகிறதாம்.

"ஒங்க புட்டியில மழை இருக்குதாமே பாய். எங்க தலையில ஒரு சொட்டும் விழலியே" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நான் எழுதியதுதான். நான் எழுதியதால்தான். இருந்ததைத்தானே எழுதினேன்?

மார்ச் 6, புதன்

ஆற்றுக்குப் போவதுபோல் இறங்கி, பாதி வழியில் திரும்பி வந்து வாழைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். குரங்கு வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

காளியம்மா வந்தாள். ஊற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்கி, ஒரு சிரங்கைத் தண்ணீரை அள்ளிப் புனலில் விட்டுக் கும்பிட்டாள்.

"ஏம்மா! என்ன பண்றே?"

அவள் பயப்படவில்லை. "வெறும் ஏனத்த வானத்துக்கு நேரா வச்சிருக்கீங்களே பாய், மழை எப்படி வரும்? யாராச்சும் வெறும் ஏனத்த நீட்டுவாங்களா? அதான் வீட்டுக்கு ஒரு நாளுன்னு முறை வச்சு ஊத்தறோம். நேத்து கிருஷ்ணம்மா முறை. புள்ள போன வீடு, நீ வேணாம்னு சொன்னோம். கேக்கல, வந்தா."

கத்திவிட்டேன். "அது மழையக் கூப்பிடற பாத்திரம் இல்லம்மா! பேஞ்ச மழைய அளக்கற பாத்திரம்! நீங்க ஊத்தின தண்ணியாலதான் மிஷின் அடுத்த தோட்டத்துக்குப் போகுது!"

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "என் வாளி எங்கே?" என்று வேறு கேட்டேன்.

"வெறும் வாளிய எப்படிப் பாய் திருப்பித் தர்றது? போட்டுத் தர வீட்டுல ஒண்ணுமில்ல."

இத்தனை நாளும் என் வாசலுக்குத் தினம் ஒருத்தி வந்து போயிருக்கிறாள். புள்ளைக்கு வைத்திருந்த தண்ணீரிலிருந்து அள்ளி ஊற்றியிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் ஆற்றோரத்தில் நின்றுகொண்டு, நம்மைத் தேடி ஒரு ஈ காக்கை வரவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வியாழன்

சிகாமட் ஆபீஸ். தலைமைக் கிராணி சபாபதி யாழ்ப்பாணத்துக்காரர். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்டைக்கு மழை எண்டு எழுதினீர். இண்டைக்கு இல்லை எண்டு சொல்லுறீர். எதை நம்புறது? துரைக்குச் சொல்லிப் பார்க்கிறன். வேலை போனாலும் போகும், சொல்லிப்போட்டன்."

திரும்பும்போது காக்காவின் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். உள்ளே கூட்டம். ஒரு நிமிஷம் நின்றேன். நின்றதோடு சரி.

மார்ச் 12, செவ்வாய்

துரை வந்தார். என் ஆற்றுக் கணக்கையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். இத்தனை நாள் மழை பெய்திருந்தால் ஆறு ஒரு நாளாவது ஏறியிருக்க வேண்டும். அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சிரித்தார். சிவப்பு மையால் அந்த மழை முழுவதையும் அடித்தார். பாலத்தடியில் போன வாரம் ஒரு மழை பெய்ததாம், அதனால் மிஷின் கல்லுமலைக்கே வரும் என்றார்.

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உத்தரவு போட்டார். சுற்றி வேலி. வெளியாள் யாரும் குன்றின் மேல் வரக்கூடாது. ஊற்றுக்கு ஆற்றோரமாகச் சுற்றிப் போகட்டும். இன்னொரு தடவை புட்டியில் இப்படித் தண்ணீர் வந்தால் எனக்கு வேலை இல்லை.

மார்ச் 14, வியாழன்

பலகையை நானே எழுதி நட்டேன். "யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது." அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் ஊற்றடியில் போய் வாயாலும் சொன்னேன். காளியம்மா "சரி பாய்" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பேசியது என் குரலா, காக்காவின் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மார்ச் 16, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுது முடித்து எல்லோரும் எல்லோரையும் கட்டித் தழுவினார்கள். நான் சீக்கிரம் வந்துவிட்டேன். சோறும் கருவாடும்.

மழை இல்லை.

மார்ச் 27, புதன்

கீழே லயத்துப் பக்கம் மிஷின் சத்தம், நாள் பூராவும். இரைச்சல் இல்லையே என்று ஏங்கினாயே உதுமான், கேட்டுக்கொள்.

ஏப்ரல் 3, புதன்

சத்தம் நின்றது. அதற்குப் பதில் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். தண்ணீர்! குன்றின் விளிம்பில் நின்று பார்த்தேன். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே போகலாமா என்று நினைத்தேன். யாரும் மேலே வரக்கூடாது என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

ஏப்ரல் 11, வியாழன்

இனி ஊற்றுக்கும் யாரும் வர வேண்டியதில்லை. பாதையில் புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. கைப்பம்பு கிரீச்சிடுவது மட்டும் இங்கே கேட்கிறது. லயத்தில் இப்போது எந்தப் பிள்ளையும் படுக்கையில் இல்லை என்று தபால்காரன் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ். நல்லதுதான் நடந்திருக்கிறது. அப்புறம் ஏன் எனக்கு அழுகை வருகிறது?

ஏப்ரல் 17, புதன்

ஆற்றிலிருந்து ஏறி வந்தேன். வேலிக்கு வெளியே, பலகைக்குக் கீழே, என் தூக்குவாளி. காளியம்மா புளி போட்டு விளக்கியிருக்கிறாள், பளபளக்கிறது. இலையைக் கிழித்து மூடிக்கு அடியில் கொடுத்து இறுக்கியிருந்தாள், வழியில் சிந்தாமல் இருக்க.

முதலில் உள்ளே போய்ப் புட்டியைப் பார்த்தேன். உத்தியோகம் அல்லவா. ஒரு சொட்டு இல்லை. மழை இல்லை என்று எழுதிவிட்டு வந்து வாளியைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். குடித்தேன். இரும்பு வாடை அடித்தது. துளைக்கிணற்றுத் தண்ணீர்தான். அவ்வளவையும் நின்றபடியே குடித்தேன்.

இப்போது வாளி காலி. வெறும் வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பருப்பு வேகிறது. ஊசிப்போவதற்குள் வாளியில் ஊற்றிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வாளியை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். அவளும் அதை வெறுமனே திருப்பமாட்டாள்.