பொட்டில்லாத நெற்றி

14-6-1968, வெள்ளி

பள்ளிக்கூடப் புதுக் கட்டடத்துக்கு இன்று திறப்பு விழா. வரவேற்புப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் நான். என்னைப் பார்த்ததும் பஞ்சாயத்து யூனியன் சேர்மனுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் பொட்டோ நகையோ தாலியோ அணிவதில்லை.

"புருசன் இருக்கறப்பவே தாலியக் கழட்டுன சாத்தான் கூட்டம். நல்ல காரியத்துல முன்னாடி நிக்கலாமா?" என்றார் சேர்மன்.

"இன்னிக்கு ஒரு நாள் பொட்டு வெச்சிக்கம்மா," என்று ஹெட்மாஸ்டர் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். என்னை மேடைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைகள் பாடவே இல்லை. நான் கையசைத்தால்தான் ஆரம்பிப்பார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கையசைத்தேன். பாட்டு முடியும்வரை நகரவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவர் பலமாகக் கைதட்டினார்.

ஜவளகிரியில் உள்ள காட்டோரப் பள்ளிக்கு மாற்றிவிடுவாராம் சேர்மன். மாற்றட்டும். அங்கேயும் இதே வெறும் நெற்றியோடுதான் பிள்ளைகள் முன்னால் நிற்பேன்.