கேமராவுக்கு முன்னால் விழுந்தவள்

இன்று காலை கடையைத் திறந்து, தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். அக்காவுக்குக் கல்யாணமாம். "இதே மாதிரி பாவாட சட்ட வேணும்க்கா" என்று போனை நீட்டினாள். பார்த்தால் உன் மகள் தர்ஷினி! நான் தைத்துக் கொடுத்த மயில் கழுத்து நிறப் பாவாடையைக் கட்டிக்கொண்டு மேடையில் பாடுகிறாள். மடிப்பை எப்படி வைத்தேன் என்று உற்றுப் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. தர்ஷினி தரையில் விழுந்து கிடக்கிறாள், நீ ஓடி வந்து அவளைத் தூக்குகிறாய். உன் முகத்தைப் பெரிதாக்கி, அசைவை மெதுவாக்கி, அதன்மேல் ஒரு புல்லாங்குழலை ஊதவிட்டிருக்கிறார்கள். கண்ணீர் உன் கன்னத்தைத் தாண்டுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும் போலிருந்தது.

"இந்த அம்மா செத்துப் போயிட்டாங்களாம்க்கா, பாவம்" என்றாள் அந்தப் பெண், எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வது போல.

அளவு நாடாவை அவள் இடுப்பில் சுற்றினேன். நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உன்னை நினைத்தால் எல்லாருக்கும் அழுகை வருகிறது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் உன் வீட்டில்தான் இருப்பேன். கொட்டகலைக் கடைத்தெருவில் கடையைச் சாத்திவிட்டு மேட்டில் ஏறி வருவேன். நீ டிவியில் பாட்டுப் போட்டியைப் போட்டுவிட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாய். பனி மூடினால் படம் நின்று நின்று வரும். யாராவது ஒரு போட்டியாளர் அழத் தொடங்குவதும் உன் கண் கலங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

"எல்லாம் சொல்லிக் குடுத்து அழ வைக்கிறதுடி" என்பேன்.

"ஒனக்கு மனசே கெடையாது. கண்ணீர யாராவது சொல்லிக் குடுக்க முடியுமா?" என்பாய்.

"கிளிசரின்னு ஒன்னு இருக்கு."

"ஒன் நாக்குல போடு அத."

பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள் நீ. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை நாளெல்லாம் வைத்திருந்தவள். எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது பாசாங்கு பண்ணுகிறது என்று தொட்டிலைப் பார்க்காமலே சொல்வாய். அப்படிப்பட்ட நீ டிவி அழுகையை மட்டும் அப்படியே நம்பினாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு தர்ஷினியே அந்தப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வானாள். கோயில் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் உன் வீட்டு வாசலில் நின்றார்கள். "இனிமே பாரு, உள்ள என்ன நடக்குதுன்னு நமக்கே தெரிஞ்சிரும்" என்றாய் என்னிடம். தெரிந்தது.

வீட்டைப் படம் பிடிக்க வேனில் நாலைந்து பேர் வந்து இறங்கினார்கள். கண்ணாடி போட்ட ஒரு தம்பிதான் அவர்களுக்குத் தலைவன். சுவருக்கு நீ புதிதாகப் பூசியிருந்த பச்சை வர்ணத்தைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் வர்ணம் பூசாத வீடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டான். அடுத்து உன் சேலையைப் பார்த்தான். "அம்மா, இத விடப் பழசா ஒன்னு இல்லீங்களா?" என்றான். உன்னிடம் இருந்த பழைய ரவிக்கையும் அவனுக்குப் போதவில்லை. நான் தையல்காரி என்று யாரோ சொல்லிவிட, என் பக்கம் திரும்பினான். "அக்கா, இந்தத் தோள்ல ஒரு ஒட்டுப் போட்டுத் தர முடியுமா? கேமராவுல தெரியிற மாதிரி?"

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டுத்தான் நான் தொழில் கற்றேன். கிழியாத துணிக்கு ஒட்டுப் போடச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். "கிழிச்சுக் குடுங்க தம்பி, தைச்சுத் தாறேன்" என்றேன். கேலி அவனுக்குப் புரியவில்லை. கத்தரிக்கோலைத் தேடினான்.

அதற்கடுத்து நீ கொழுந்து பறிக்க வேண்டும் என்றார்கள். "நான் பிள்ளைக் காம்பராவுல வேல செய்யிறேங்க. கொழுந்துக்குப் போறதில்ல" என்று நீ சொல்லச் சொல்ல அவர்கள் தலையாட்டிக்கொண்டே ஒளியைச் சரிபார்த்தார்கள். கூடை வேண்டுமாம். இப்போதெல்லாம் எல்லாரும் பைதான் கட்டுகிறார்கள், கூடைக்கு எங்கே போவது? கடைசியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கூடையைக் கோழியை விரட்டிவிட்டுக் கொண்டு வந்தார்கள். நீ அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மூக்கைச் சுளித்தாய். "அப்படியே இருங்கம்மா, அந்த வேதனை நல்லா இருக்கு" என்றான் கண்ணாடிக்காரன். முந்தின நாள்தான் கொழுந்தெடுத்த மலை அது. பறிக்க ஒன்றுமில்லாமல் முற்றிய இலைகளைப் பிய்த்துப் போட்டாய். தூரத்தில் போய்க்கொண்டிருந்த கங்காணி அங்கிருந்தே கத்தினார்: "யாரு அது, செடியக் கெடுக்கிறது?"

நானும் சிரித்தேன், நீயும் சிரித்தாய். ஆனால் உன் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் பாட அழைத்துப் போன மனுசன். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, நாற்காலியில் காத்திருந்தார். "அப்பா கொஞ்ச நேரம் அடுப்படியில இருக்கட்டுமே. அம்மா தனியா வளத்த மாதிரி இருந்தாத்தான் கதை நிக்கும்" என்றான் கண்ணாடிக்காரன். அவர் எழுந்து போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் இருமல் வந்தபோது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நீ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே அவர்களை வேனில் ஏற்றி அனுப்பியிருப்பாய் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது "தந்தையின் நிழல் இல்லாமல் வளர்ந்த மலைப் பூ" என்று ஒரு குரல் பேசியது. அவ்வளவுதான். அந்த வாரமே பொகவந்தலாவையிலிருந்து உன் நாத்தனார் வகையில் நாலு பேர் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். கையில் சீனி, தேயிலை, பிஸ்கட் பெட்டி. வாசலுக்கு வருவதற்கு முன்பே ஒப்பாரி. கதவைத் திறந்தது உன் வீட்டுக்காரர்.

"வாங்க, வாங்க. யாரு செத்தா?" என்று கேட்டார் அவர்.

வந்தவர்கள் விழித்தார்கள். முன்னால் நின்ற வயதான அம்மா, "எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?" என்றார் கோபமாக. அவர் சாகாததற்கா, சொல்லாமல் உயிரோடு இருந்ததற்கா, அந்தக் கோபம் எதற்கு என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. சீனியையும் பிஸ்கட்டையும் திருப்பிக் கொண்டுபோவது நன்றாக இருக்காது என்று வைத்துவிட்டுப் போனார்கள். உன் வீட்டுக்காரர் அந்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அன்றைக்குத்தான் நீ முதன்முதலாக டிவியை நிறுத்தினாய்.

அடுத்த சுற்றுக்கு உன்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் வந்தேன். மதியம் தர்ஷினியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு உன்னைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். பல மாதமாகக் காணாத தாய் திடீரென்று வருவதாகக் காட்ட வேண்டுமாம். நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிவை அறிவித்தார்கள். தர்ஷினி வெளியேறுகிறாள் என்றார்கள். அவள் வாயைப் பொத்தினாள், கால் மடங்கியது, அப்படியே சரிந்தாள். நீ ஓடி வந்தாய். உன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "ஒரு தாயா என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள்.

"இவ அப்பா உயிரோட இருக்காருங்க" என்றாய் நீ. "காலையில எங்களுக்கு சோறு கட்டிக் குடுத்ததே அவர்தாங்க. இத முதல்ல போடுங்க."

கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். நான் என் கண்ணால் பார்த்தது அது. ஒளிபரப்பில் சிரிப்பும் இல்லை, சொன்ன சொல்லும் இல்லை. வாய் அசைந்தது, புல்லாங்குழல் ஊதியது.

இத்தனைக்கும் பிறகு நீ திருந்துவாய் என்று நினைத்தேன். ஊரில் பேச்சு எழுந்தது. அந்தப் பிள்ளை விழுந்தது நடிப்பு என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லப்போய், நீ குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றாயாம். நான் கடையில் வைத்து மெதுவாகத்தான் சொன்னேன்.

"அவ பெட்டிய மூடி வாசல்ல வச்சிருந்தாங்கடி. முடிவு சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்தேன். எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதான்."

"அவரு விஷயத்துல அவங்க செஞ்சது அநியாயம். அது வேற. முடிவு நெசம். அவ விழுந்தது நெசம்."

"இன்னுமா நம்புற?"

"அப்ப என் புள்ள நடிச்சான்னு சொல்றியா?"

நான் ஊசியில் நூலைக் கோத்தேன். நீ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். கொஞ்ச நாள் என் கடைப் பக்கமே வரவில்லை. கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பினாய். ஒரு பாட்டுப் போட்டிக்காக, அதுவும் நம்மை இந்தப் பாடு படுத்திய பாட்டுப் போட்டிக்காக, பால் பல் விழாத காலத்திலிருந்து பழகியவளிடம் பேசாமல் இருந்தாய். பிறகு ஒரு ஞாயிறு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து மெஷின் பக்கத்தில் வைத்தாய். இரண்டு பேரும் பிய்த்துத் தின்றோம். ஆனால் யார் எப்போது கேட்டாலும், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "நெசந்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த வாரம் வரைக்கும்.

இப்படி ஏமாளியாகவே போய்விட்டாளே என்று எத்தனை தரம் உன்னைத் திட்டியிருப்பேன் தெரியுமா?

போன மாதம் உன் திவசம். வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, பின்னால் குழாயடியில் தர்ஷினி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுவி அடுக்கினேன். பேச்சு எப்படியோ அங்கே போய் நின்றது. அவளே சொன்னாள்.

"பெரியம்மா, எனக்கு முந்தின நாளே சொல்லிட்டாங்க, நாளைக்கு நீ வெளியே போகப்போறேன்னு. கேமரா முன்னாடி தெரியாத மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க. மத்த பிள்ளைங்களும் அப்படித்தான் செஞ்சாங்க."

"இத ஒங்க அம்மாகிட்ட ஏன்டி சொல்லல? பாவி, கடைசி வரைக்கும் நம்பிட்டே செத்தாளே!"

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமே. அன்னைக்கு மத்தியானம் கை கழுவப் போனப்பவே சொல்லிட்டேன்."

என் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. நீங்கள் இரண்டு பேரும் கை கழுவப் போய் வெகுநேரம் வராததும், சோறு ஆறுகிறதே என்று நான் முணுமுணுத்ததும் ஞாபகம் வந்தது.

"என்ன சொன்னா?"

"கொழாய மூடிச்சு. அப்புறம், 'விழுறதுன்னா மெதுவா விழு, முட்டியில அடிபட்டுரும்'னுச்சு. அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. அழுகை? அதைக் கேட்க வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள். "அழுததும் நடிப்பான்னு கேக்காதீங்க பெரியம்மா. அது எனக்கே தெரியாது. அம்மா என்னத் தூக்கினப்ப உண்மையாவே வந்துச்சு."

அடி பாதகத்தி! எல்லாம் தெரிந்துகொண்டா என்னோடு சண்டை போட்டாய்? எல்லாம் தெரிந்துகொண்டா குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தாய்? நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று உனக்குத் தெரியும். ஒரே ஒரு தரம், என் காதோடு, "நீ சொன்னதுதான்டி" என்று சொல்லியிருந்தால் என்ன? வெளியே விட்டிருப்பேனா? இருந்தாலும் நீ சொல்லவில்லை. மகள் ஊருக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்கக் கூடாது என்று, பைத்தியக்காரப் பட்டத்தை நீயே வாங்கிக் கட்டிக்கொண்டாய். எனக்கு எதிரில் உட்கார்ந்து, என் கேலியையெல்லாம் கேட்டுக்கொண்டு, ரொட்டி தட்டினாய்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். தர்ஷினி வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, அவள் காதில் விழும்படியே என்னைக் கேட்டாள். "அக்கா, நீங்கதானே கூடப் போனீங்க. அன்னைக்கு அந்தப் புள்ள விழுந்தது நடிப்புத்தானே? நீங்களே அப்பல்லாம் சொல்லுவீங்களே."

தர்ஷினியின் கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது.

"யாரு சொன்னா? நெசமாத்தான் விழுந்தா" என்றேன்.

"நெசமாவா?"

"பின்ன? முட்டி வீங்கிப் போச்சு. நாந்தான் எண்ணெ தேச்சு விட்டேன்."

அவள் அடங்கிவிட்டாள். தர்ஷினி குனிந்த தலை நிமிராமல் என் இலையில் சாம்பாரை ஊற்றினாள், போதும் போதும் என்று நான் கையை நீட்டியும் நிறுத்தாமல்.

வாழ்நாளெல்லாம் டிவிக்காரன் பொய்யைத் திட்டிக்கொண்டிருந்தவளை, சாமி சந்நிதியில் உட்கார்ந்து இல்லாத வீக்கத்துக்கு எண்ணெய் தேய்க்க வைத்துவிட்டாய். இனி யார் கேட்டாலும் நான் இதையேதான் சொல்ல வேண்டும். உனக்காவது சண்டை போட நான் இருந்தேன். நான் யாரோடு போடுவது?