ஒரு கட்டை கீழே

நவம்பர் 23, 2025

ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் கொயர் பிராக்டிஸ். மைக்கில் ஒரே இரைச்சல். மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது நம் ஊழியம்தானே, ஒயரை மாற்றிச் சரிசெய்தேன். அனுஷாவின் முகத்தைத்தான் சரிசெய்ய முடியவில்லை.

கேரல் சர்வீசில் முதல் பாட்டு வருடா வருடம் அவளுடையது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே, அவள் ஸ்கூல் டீச்சர் ஆவதற்கும் முன்பிருந்தே அப்படித்தான். ஜூனில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு மேல் ஸ்தாயி எட்டமாட்டேன் என்கிறது. குரல் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் இன்னும் பிடித்திருக்கிறது. புருஷன் சொன்னால் யார் கேட்பார்கள்? இன்று உச்சியில் சத்தம் உடைந்ததும், அவளே மைக்கை ஸ்நேகாவின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்நேகா காலேஜ் பெண். அழகாகவே பாடுகிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

கொயரை நடத்தும் ஜெபமலர் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். சுருதியை ஒரு கட்டை இறக்கினால் போதாதா?

“எனக்கென்ன, கீபோர்டுல பட்டன அமுக்குனா தீந்துச்சு. கிட்டாரு, பேஸு, வயலினு எல்லாரும் ஷீட்டப் பாத்துதான வாசிக்காங்க? கிட்டாரு கழுத்துல கேப்போ கிளிப்ப மாட்டுனா சுருதி ஏறும், இறங்காது. அத்தன பாட்டுக்கும் கார்டு மாத்தி எழுதணும். யாரு இருந்து எழுதுவா செல்வினே?”

“நான் எழுதுதேன் அக்கா.”

வாய் முந்திக்கொண்டது. கிட்டாரில் விரல் வைத்துப் பிடிக்கிற கார்டு மூன்றே மூன்று தெரிந்த ஆசாமி நான். அக்கா சிரித்துவிட்டுப் பென் டிரைவைத் தந்தாள். டிசம்பர் 14 பிராக்டிசுக்குப் புது ஷீட் வந்தால் அனுஷா பாடுவாள். இல்லாவிட்டால் ஸ்நேகா.

வீட்டில் மூச்சு விடவில்லை. நடக்காமல் போனால் அனுஷா இன்னொரு தடவை உடைய வேண்டாம்.

நவம்பர் 24

பென் டிரைவில் கிறிஸ்மஸ் பாட்டு முழுக்க இருக்கிறது. பாட்டுக்கு ஒரு கோப்பு. வரிகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குள் கார்டுகள்: ஜி, டி, ஏ மைனர். ஒவ்வொன்றையும் கீபோர்டில் இரண்டு கீ கீழே எண்ணி மாற்ற வேண்டும். மூன்று பாட்டு முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது. எந்தத் தைரியத்தில் வாக்குக் கொடுத்தேன்?

நவம்பர் 25

இன்று நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

மதியம் ஆபீசில் டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கழக்கூட்டம் என்கிற ஊரில், ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஆட்களுக்கு லேப்டாப் கொடுத்து வாங்குகிற வேலை எனக்கு. சர்வர் பார்க்கிற மலையாளி கிரிஷ் பின்னால் நின்று பார்த்தான்.

“டேய், இத கையாலயா மாத்துற? கஷ்டம். ஒரு வரி மதி, நோக்கு.” ஒரே வரி போதுமாம்.

கறுப்புத் திரையைத் திறந்தான். ஸெட் என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். எதைத் தேட வேண்டும், பதிலுக்கு எதை வைக்க வேண்டும், எந்தக் கோப்புகளில் — இவ்வளவுதான் கேட்கும். என்டர் தட்டினான். ஒன்றும் நடந்தமாதிரியே தெரியவில்லை. கோப்பைத் திறந்தேன். ஜி இருந்த இடமெல்லாம் எஃப். அடுத்த கோப்பு, அதிலும். எல்லாவற்றிலும். சாப்பாடு ஆறிப்போனதே தெரியவில்லை எனக்கு. இந்தச் சாமான் இத்தனை நாளும் இதே லேப்டாப்பில் இருந்திருக்கிறது, நானும் ஊருக்கெல்லாம் லேப்டாப்பைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஓட்டும் முன் எடுத்து வைத்திருந்த பிரதியைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டுக் கிளம்பும்போது ஒன்று சொன்னான்: “பேக்கப் எடுக்காம ஓட்டாதே, கேட்டோ.”

நவம்பர் 27

நானே எழுதின முதல் வரி, ஒரே ஒரு பாட்டின் காப்பியில். ஏ எல்லாம் ஜி ஆக வேண்டும் என்றேன். ஆனது. ஆங்கிலத்தில் அடித்திருந்த ஆமெனும் ஜிமென் ஆகிவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கர்த்தர் மன்னிப்பார்.

நவம்பர் 29

அடைப்புக்குறியோடு சேர்த்துத் தேடச் சொன்னால் ஆமென் தப்பிக்கிறது. அதற்கு அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டுமாம். போட்டேன், கேட்டது. நான் சொல்வதை அப்படியே கேட்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது.

“என்ன, தானா சிரிக்கிய?” என்று அனுஷா கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன்.

டிசம்பர் 6

போச்சு.

எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஸ்கிரிப்டில் எழுதினேன். ஜியை எஃப் ஆக்கு, எஃப்பை டி ஷார்ப் ஆக்கு, அப்படியே கீழே கீழே. என்ன அழகாக இருந்தது தெரியுமா பார்க்க! பென் டிரைவிலேயே ஓட்டிவிட்டேன். அக்கா கொடுத்த அந்த ஒரே பென் டிரைவில். பேக்கப்? எங்கே, ஆசைதான் அவசரப்படுத்தியதே.

முதல் பாட்டைத் திறந்தேன். ஜி. ஜி. டி. ஜி. அடுத்ததும் ஜி, டி. ஊரில் உள்ள அத்தனை கிறிஸ்மஸ் பாட்டுக்கும் இரண்டே கார்டு. புரிய நேரமாயிற்று. முதல் வரி ஜியை எஃப் ஆக்கியது, இரண்டாவது வரி அந்த எஃப்பையே பிடித்து டி ஷார்ப் ஆக்கியது, கடைசி வரி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மறுபடி ஜியில் கொண்டுவந்து விட்டது. எது முன்னால் எதுவாக இருந்தது என்று இனி ஆண்டவருக்குத்தான் தெரியும். ஸெட் சொன்னதைத்தான் செய்தது. சொன்னவன் மடையன்.

அக்காவிடம் வேறு பிரதி இருக்கிறதா என்று நைசாகப் போனில் கேட்டேன். அவள் லேப்டாப் மழையோடு போய்ச் சேர்ந்துவிட்டதாம். “அந்தப் பென் டிரைவுதான் இருக்கு. ஏன்டே?” என்றாள். சும்மா என்றேன்.

டிசம்பர் 7

காலையில் இட்லி இறங்கவில்லை. அனுஷா கேட்டேவிட்டாள். “என்னத்த மனசுல வச்சிட்டு முழுங்காம இருக்கிய?”

சொல்லிவிட்டேன், முதலிலிருந்து ஜிமென் வரைக்கும். நாசமான கதையையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள்.

“அந்த ஃபோல்டர்தான? எங்கிட்ட இருக்கு.”

ஆகஸ்டிலேயே அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். எதற்கு? ஸ்நேகாவிடம் மைக்கைக் கொடுத்த அன்று, பாட்டு முடிந்துபோச்சு என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னவள்.

“ஸ்கூல் விட்டு எல்லாரும் போன பெறவு, மியூசிக் ரூம்ல கொஞ்சம் பாடிப் பாப்பேன். இறக்கிப் பாடுனா வருது. ஒரு கட்டை. வேற யாருக்கும் கஷ்டம் குடுக்காண்டாம்னு சொல்லல.”

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். “என் பாட்டுக்கு எனக்கே தெரியாம சுருதி வைக்கப் பாத்தியளா? முதல்ல இத நாலு இடத்துல காப்பி எடுங்க.”

இரண்டு மடையர்கள் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

நாலு இடத்தில் எடுத்தாகிவிட்டது.

டிசம்பர் 9

இங்கே உள்ளாட்சித் தேர்தல், ஓட்டுப் போடப் போனோம். வரிசையில் நிற்கும்போதும் ஸ்கிரிப்ட்தான் மண்டைக்குள். ஒருதடவை மாறின கார்டை அடுத்த வரி தொடாமல் இருக்க என்ன வழி? விரலை நீட்டினேன், பூத்தில் இருந்த அம்மா நகத்தில் மையைத் தடவினாள்.

மை!

ஓட்டுப் போட்டவன் மறுபடி வந்து நிற்காமல் இருக்கத்தானே இந்த மை? மாறின கார்டுக்கும் ஒரு அடையாளம் வைத்துவிட்டால்? ஜியை வெறும் எஃப் ஆக்காமல், முன்னால் ஒரு @ குறி போட்ட எஃப் ஆக்க வேண்டும். அடுத்த வரி வெறும் எஃப்பைத் தேடும், மை வைத்தது கண்ணில் படாது. எல்லாம் முடிந்த பிறகு மையை மட்டும் அழிக்க ஒரு கடைசி வரி.

வெளியே வந்ததும் கிரிஷுக்குப் போன் போட்டேன். “அடிபொளி,” என்றான். “ஷார்ப் உள்ளத முதல்ல வை. பேக்கப்?” நாலு இருக்கு என்றேன்.

டிசம்பர் 10

ஓடியது. சரியாக ஓடியது. மை ஒட்டின கார்டு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று கிரெப் என்கிற தேடும் கட்டளையை விட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை. அனுஷா ஒவ்வொரு பாட்டாகப் பாட, நான் தட்டுத்தடுமாறி கிட்டாரில் தொட்டுப் பார்த்தேன். கீழ்வீட்டுச் சேச்சி வந்து கதவைத் தட்டினாள். சத்தம் போடுகிறோம் என்று திட்டத்தான் வந்தாள் என்று பயந்தேன். இன்னொன்று பாடச் சொன்னாள்.

டிசம்பர் 14

பிராக்டிஸ். புது ஷீட்டைப் பார்த்து எல்லோரும் வாசித்தார்கள், ஒரு இடம் பிசகவில்லை. அனுஷா பாடினாள். ஸ்நேகாதான் முதலில் கை தட்டினாள். நல்ல பிள்ளை, இத்தனை நாள் இவள்மேல் எரிச்சல்பட்டதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா மட்டும் கொஞ்சம் யோசித்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா சபைக்கு அந்தச் சுருதிதான பழக்கம். சனங்க கூடச் சேந்து பாடலன்னா கேரல் என்ன கேரல்? அன்னைக்குப் பாப்போம்.”

அதை நான் யோசிக்கவே இல்லை.

டிசம்பர் 20

நாளை. மைக் பேட்டரி புதிது. ஒயர் பார்த்தாயிற்று. நான் ஷீட்டை மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

டிசம்பர் 21

கோயில் நிறைய ஆள். இடமில்லாமல் கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பையன்கள் வாசல் பக்கம் நின்றார்கள். பின்பெஞ்சு ஆண்களை எனக்குத் தெரியும். மைக் மேஜை அவர்கள் பக்கத்தில்தான். ஒவ்வொரு கேரலுக்கும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார்கள்.

அனுஷா தொடங்கினாள். முதல் அடி தனியாக. இரண்டாவது அடியில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் சேர்ந்தார். பிறகு பெஞ்சு முழுக்க. உச்சி வந்தது, எல்லோருக்கும் எட்டியது, வாசல் பையன்களுக்கும். இத்தனை வருடமாக அந்தப் பாட்டு அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அனுஷாவின் மைக்கை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன், போதவில்லை. அப்புறம் கையை எடுத்துவிட்டு நானும் பாடினேன்.

முடிந்ததும் அக்கா வந்து என் தோளில் ஒரு அடி வைத்தாள். “பழைய ஃபோல்டர அழிச்சிருவமா?”

“வேண்டாம் அக்கா. பேக்கப்.”

ஸ்கூட்டரில் பட்டம் ஜங்ஷன் சிக்னலில் நிற்கும்போது அனுஷா என் காதருகே குனிந்தாள். “என் சத்தம் எனக்கே கேக்கல, பாத்தியளா?”

பச்சை விழுந்த பிறகு, சிரித்துக்கொண்டே, இன்னொரு தடவை சொன்னாள்.