செவ்வாய்க்கிழமை ஜாடிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே. இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. முதலில் ஒன்று. அடுத்த மாதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாயே, நான் மறுபடி எழுதும்வரை டிக்கெட் எடுக்காதே, எடுத்திருந்தால் தள்ளிப் போடு. அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. குட்டிக்காகப் பழைய போர்வைகளை எல்லாம் துவைத்து மடித்து, அலமாரியில் ஒரு தட்டையே காலி பண்ணி வைத்திருக்கிறாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நேற்று ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கடிதம் என்றால் என் குரல் உனக்குக் கேட்காது, அதுதான் எனக்குத் தைரியம். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஜன்னலோரம் உன் அவகாடோ நன்றாக இருக்கிறது. போன வருஷம் நீ வயிற்றுப் பிள்ளையோடு வந்து ஏழு வாரம் இருந்தபோது, ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா உட்கார்ந்து அம்மாவோடு வம்பு பண்ணுகிறார் என்று, பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி மூன்று பல்குத்தும் குச்சி செருகி ஜாடி வாயில் உட்கார வைத்துக் கொடுத்தாயே, அதுதான். தட்டையான அடி தண்ணீரில், கூரான முனை மேலே, மாற்றி வைத்தால் ஜென்மத்துக்கும் முளைக்காது என்று எனக்கே பாடம் நடத்தினாய். இப்போது அது என் இடுப்பு உயரம். அதைப் பார்த்து எனக்கும் பித்துப் பிடித்து, வரிசையாகப் பதினாலு ஜாடி ஆகிவிட்டது. மண் கிடையாது, வெறும் தண்ணீர், அதில் சொட்டு மருந்து போலக் கொஞ்சம் திரவ உரம், மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன காற்று பம்பு. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று ஜாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் சுற்றியிருக்கிறேன். வெண்ணெய்ப்பழத்துக்குச் சட்டை தைத்துப் போடுகிற ஒரே ஆள் நீங்கதான் என்கிறாள் உன் அம்மா. அவள் கிடக்கிறாள்.

நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்த கை, எதையும் முறை வைத்துத்தான் செய்யும். பதினாலு ஜாடிக்கும் ஒரே நாளில் தண்ணீர் மாற்றினால் இடுப்பு போய்விடும், அதனால் நாளுக்கு ரெண்டு ஜாடி என்று பிரித்தேன். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி அதன் கிழமையை எழுதி வைத்தேன், திங்கள் ஜாடிக்குத் திங்கள் தண்ணீர், வியாழன் ஜாடிக்கு வியாழன் தண்ணீர். உன் செடிக்கு வெள்ளிக்கிழமை வாய்த்தது. இந்த டேப் மட்டும் இல்லை என்றால் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை ஜாடி ரெண்டும் செத்தன. வேர் பழுப்பாகி, பிறகு கறுத்து, தொட்டால் நூல் நூலாகக் கையோடு வந்தது. கொட்டை சரியில்லை என்று வேறு ரெண்டு வைத்தேன். அதுவும் வெடித்து, விரல் நீளம் வேர் விட்டு, கறுத்தது. பம்பை மாற்றினேன், உரத்தை நிறுத்தினேன், ஜாடியை வெந்நீரில் கழுவினேன், அம்மா சோப்புக் கையை விட்டிருப்பாள் என்று அவளிடம் சண்டையும் போட்டேன். அப்புறம் நன்றாக இருந்த ஞாயிறு ஜாடி ஒன்றின் டேப்பைக் கிழித்து அதற்குச் செவ்வாய் என்று எழுதினேன். மூன்றே வாரம். இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, குடைபோல் தொங்கிவிட்டது. பக்கத்திலேயே அதே ஜன்னல், அதே வெளிச்சத்தில் திங்கள் ஜாடி பளபளவென்று நிற்கிறது. அன்றைக்குத்தான் கோளாறு கொட்டையில் இல்லை, செவ்வாய்க்கிழமைத் தண்ணீரில் என்று எனக்குப் பட்டது. இருந்தும் செடிதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இன்னும் ரெண்டு வாரம் ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே என்ன என்று உனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாக அன்றைக்குக் காலையிலிருந்து தெருவுக்கே தண்ணீரை நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் விடுகிறார்கள். வந்ததும் கட்டிடமே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், செவ்வாய் ஜாடிக்கு நான் ஊற்றுவதும் அந்தத் தண்ணீர்தான். முதல் தண்ணீர் கலங்கலாக வந்தால் சிலர் கீழே திறந்து விடுவார்கள், அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்து, தண்ணீரை வீணாக்காதீர்கள், வந்ததும் பிடித்து வையுங்கள் என்று மாடிப்படியில் நானே அட்டை எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் முலாம் பூசும் பட்டறை இருக்கிறதே, அவர்களுக்கும் நமக்கும் தெருவிலிருந்து வருவது ஒரே குழாய். பட்டறைக்குப் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு இருந்தது, தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது, அதற்காக மட்டும் வைப்பது. ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் அது இறுகிக்கொண்டு பட்டறைக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. பட்டறைக்காரர் வந்து, அண்ணே, உங்களை விட்டா யாருண்ணே இருக்கா, கொஞ்சம் பாத்துக் குடுங்க என்றார். நான் ஓய்வு பெற்ற புதிது, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் கிடந்த காலம். வால்வைக் கழற்றி அந்த இடத்தில் வெறும் குழாயை மாட்டிவிட்டு, அடுத்த வாரம் புதுசு வாங்கிப் போடுகிறேன் என்றேன். போடவில்லை. தண்ணீர் ஜோராக வந்தது, அவர் கும்பிட்டார், நானும் மறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த வால்வைத் தொடாதே என்பதுதான்.

போன செவ்வாய்க்கிழமை மெதுவாகப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். கழுவும் தொட்டியில் ரப்பர் குழாயின் நுனி முங்கிக் கிடக்கிறது. தொட்டியில் பச்சைத் தண்ணீர். தெருவில் தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் விழும், விழுந்தால் அந்தத் தொட்டியில் இருப்பதைக் குழாய் உள்ளே இழுக்கும், நாம் வாயால் உறிஞ்சுகிற மாதிரிதான். சாயங்காலம் தண்ணீர் வரும்போது அதையெல்லாம் மேலே தள்ளும். அந்த முதல் தண்ணீரைத்தான் நான் பிடிக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்கும் இடத்தில் கொடுத்தேன். அம்மா பிடித்த குடத்தைப் பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிட்டேன். குடம் பிடித்துக்கொண்டு போன மாடி வீட்டு டீச்சரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், மறுநாள் அவள் பையன் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தான், என்னமோ தெரியலப்பா, புதன்கிழமையானா இவனுக்கு இப்படித்தான், பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறானோன்னு நெனச்சேன் என்று டீச்சர் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் வாளி எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன் பாப்பா, உன் அப்பன்.

நேற்று பரிசோதனைக் காகிதம் வந்தது. நிக்கல் என்று போட்டிருக்கிறது, கீழே முலாம் பூசுகிற அதே உலோகம், இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. வாங்கப் போனபோது அங்கே வேலை பார்க்கிற பெண் காகிதத்தைக் கையில் கொடுக்காமல், இதை யாராச்சும் குடிக்கிறாங்களா என்று கேட்டாள். செடிக்குத்தாம்மா ஊத்துறோம் என்று சொல்லிவிட்டேன். அப்படியா, செடியே தாங்காதே என்றாள்.

உன் அம்மாவுக்கு ஒன்றரை வருஷமாகவே புதன்கிழமை வந்தால் வயிற்றுவலி. புதன்கிழமைதான் வீடு துடைக்கிற நாள், அதனால் வேலைக்குப் பயந்து வருகிற வலி என்று நான் கேலி பண்ணுவேன், அவளும் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் நிறையக் குடி, சரியாகிவிடும் என்று சொம்பை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். முழங்கையில் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கிறது, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று இதுவரை மூன்று சோப்பு மாற்றிவிட்டாள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் புது வால்வு வாங்கி மாட்டிவிட்டேன், மேலே போகிற குழாயையும் அடைத்துவிட்டேன், எதுவும் ஏறாது. ஆனால் வால்வை மாட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று மனசு சொல்கிறது பார், அதற்குத்தான் எனக்குப் பயம். மணி நாலரை. படிக்கட்டில் குடம் வைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது, டீச்சர்தான் எப்போதும் முதல் ஆள். இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டு முதலில் அம்மாவை எழுப்பிச் சொல்வேன். பிறகு அந்தப் பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் போய் நிற்பேன், அட்டையைக் கிழித்துவிட்டு ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொல்வேன். திட்டட்டும், அடிக்கட்டும், போலீசைக் கூப்பிடட்டும். பட்டறைக்காரரை யாரும் தொடக் கூடாது, அவருக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும், தெரிந்தவன் நான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இனி நான் சொல்வதை மறக்காதே. குட்டிக்கு எடை ஏறவில்லை, டாக்டருக்கும் ஏன் என்று தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், உனக்கும் குட்டிக்கும் ரத்தம் பார்க்கச் சொல். நிக்கல் என்று சொல், வயிற்றுப் பிள்ளையோடு குடித்தேன் என்று சொல், பரிசோதனைக் காகிதத்தின் நகல் இதிலேயே வைத்திருக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம், இல்லை என்று டாக்டர் வாயால் எனக்குக் கேட்க வேண்டும். ஆறாம் மாதத்தில் போய் வாந்தி வருமா அம்மா என்று நீ இங்கே கேட்டபோது, பிள்ளை உன்னை மாதிரியே அடம் என்று நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். நீ இருந்த ஏழு வாரத்தில் ஏழு செவ்வாய்க்கிழமை. உன் செடிக்கு நான் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் ஊற்றினேன், உனக்குச் செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் கொடுத்தேன்.

உன்
அப்பா