ஏழாம் கேள்வியில் சத்தம் இல்லை

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போவதில்லை, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. எனக்குக் காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். காதுக்கு என்ன என்று பதறாதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பாய்வாய், நானும் அழுதுவிடுவேன். மேட்ரன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இப்போது மணி ஒன்பதே முக்கால், பதினோரு மணிக்கு உள்ளே விசாரணை, எனக்கு இல்லை, இன்னொரு நர்ஸுக்கு. முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன். அதற்குள் அப்பா உனக்குப் போன் போட்டு உங்கம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு என்பார். சொல்லாதே, முதலில் இதைப் படி.

நீ அனுப்புகிற மெட்டுகளையெல்லாம் கேட்டுவிட்டு நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா, போன வருஷம் ஒரு நாள் வள்ளென்று விழுந்தாய், எது நல்லா இருக்குன்னு சொல்லும்மா, சும்மா நல்லா இருக்குன்னா எனக்கு என்ன புரியும் என்று. நீ மறந்திருப்பாய், எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. விளம்பரங்களுக்கு இசை போடுகிற மகளிடம் இசையைப் பற்றி உருப்படியாக நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று, அப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல் ஆன்லைனில் ஒரு மியூசிக் தியரி கோர்ஸில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம். வீடியோவில் வருகிற வாத்தியார் ஸ்வெட்டர் போட்ட வழுக்கைத் தலைக்காரர், ஜோக்கை அவரே சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். இசை எழுதுகிற ஐந்து கோட்டில் எந்தப் புள்ளி எங்கே உட்காரும் என்று பழைய டைரியில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சந்தோஷமாக ஒலிக்கிற மேஜருக்கும் சோகமாக ஒலிக்கிற மைனருக்கும் நடுவில் ஒரு கட்டைதான் தள்ளுகிறது என்று தெரிந்த அன்றைக்கு வார்டில் அழுத குழந்தைகளையெல்லாம் இது மேஜர், இது மைனர் என்று பிரித்துக்கொண்டிருந்தேன் போ. ஆறு வாரம் வரைக்கும் எழுத்துப் பாடம், நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையவில்லை. ஏழாவது வாரம் காதுப் பயிற்சி ஆரம்பித்தது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் வார்டில் ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் பச்சைக் குழந்தை வார்டில் புயல் என்று ஒருத்தி இருக்கிறாள், நடக்கவே மாட்டாள், பறப்பாள், அதனால் அந்தப் பேர். இரண்டு பிள்ளைக்காரி, இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பதினோரு நாளைக்கு முன் காலை ஷிப்டில் அவள் பொறுப்பில் இருந்த ஒரு குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் நின்றுபோய்விட்டது. நின்றால் அது கீச்சென்று கத்தும், சிவப்பு விளக்கும் மின்னும். புயல் பக்கத்து அறையில் பால் கிண்ணங்கள் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடியதும் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். நான் அந்தத் தொட்டிலுக்கு நாலு எட்டுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, இவ்வளவு நேரமா அடிக்குதே, கேக்கலையா என்றாள். எது அடிக்குது, ஒண்ணும் அடிக்கலையே என்றேன். குழந்தைக்குச் சர்க்கரை இறங்கி, கை கால் வெட்ட ஆரம்பித்து, பெரிய டாக்டர் ஓடிவந்து எப்படியோ மீட்டார். ஐந்தாம் நாள் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டது, அதனால் நீ பயப்படாதே. பிறகு ஆளாளுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன், மெஷினிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மெஷின் ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு இது நன்றாகத்தான் கத்துகிறது என்றார். பழைய மெஷின், எப்போது கத்தியது என்று பதிவெல்லாம் வைக்காது. மெஷினில் கோளாறு இல்லை, முப்பத்தோரு வருஷ சீனியர் சிஸ்டர் சத்தமே வரவில்லை என்கிறார், அப்படியென்றால் புயல்தான் சத்தத்தை அமுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவளுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. நானும் இவள் ஏன் இப்படிக் கூசாமல் புளுகுகிறாள் என்று அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

நாலு நாளைக்கு முன் எனக்கு வார விடுமுறை. மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் காதுப் பயிற்சிப் பரீட்சையைத் திறந்தேன். இரண்டு சத்தம் வரும், எது மேலே எது கீழே என்று சொல்ல வேண்டும். ஆறு கேள்வி பிசகாமல் சொன்னேன். ஏழாம் கேள்வியில் சத்தமே இல்லை. ஒன்பதிலும் இல்லை, பன்னிரண்டிலும் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இப்படி ஊமைக் கேள்வி போட்டால் மனுஷன் எப்படிப் பதில் எழுதுவது என்று கோர்ஸ்காரர்களுக்கு மெயிலில் ஒரு பிடி பிடித்தேன். ஸ்பீக்கரைச் சரிபாருங்கள் அம்மா, மற்ற எல்லோருக்கும் கேட்கிறதே என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடியும் சண்டைக்குக் கிளம்பி, நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு ஏழாம் கேள்வியை அமுக்கிக்கொண்டே இருந்தேன். உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்து, என்ன எழவு சத்தம் இது, காதுல ஊசி குத்துது, குறைச்சுத் தொலையேன் என்றார். என்ன சத்தம் என்று கேட்டேன். அவர் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜுரம் பார்த்து முடிந்ததும் பீப் அடிக்குமே அந்தத் தெர்மாமீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இப்ப அடிச்சுதே, கேட்டுதா என்றார். இல்லை. வார்டுக்குப் புதிதாக வந்த தெர்மாமீட்டரெல்லாம் ஊமை என்று ஸ்டோர்காரரிடம் சண்டை போட்டு ஆறைத் திருப்பி அனுப்பியவள் நான். அப்போதுதான் அந்தப் பம்ப் ஞாபகம் வந்தது. பேச்சு கேட்கிறது, கதவு தட்டினால் கேட்கிறது, கீபோர்டின் வலது கோடிக் கட்டைகள் போல உச்சத்தில் வருகிற கீச்சுச் சத்தம் மட்டும் எப்போது போயிற்றோ தெரியவில்லை. போன மாதம் நீ அனுப்பிய மெட்டின் கடைசியில் சின்ன மணி மாதிரி வருமாமே, அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாதியைக் கேட்டுவிட்டுத்தான் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

அன்றிலிருந்து வீட்டில் ரணகளம். நீ பொய்யா சொன்ன, கேட்டதைத்தானே எழுதின, உன் மேல என்ன தப்பு, ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தான், வாயை மூடிக்கிட்டு இரு என்கிறார் அப்பா. அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை கேட்காமல் விட்டாய் என்று என்னைக் குடைவார்கள், பேர் கெட்டுப்போகும் என்று அவருக்குப் பயம். எனக்கும் அந்தக் கேள்விதான் பயம், ஏனென்றால் பதில் எனக்கே தெரியாது. பொய் சொல்லியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன். சத்தியம் என்று நம்பிச் சொன்னதே ஒருத்தி சோற்றில் மண்ணைப் போட்டால் என்ன செய்வது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தேன். தைரியசாலி அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா, மூன்று நாளும் தெரிந்தே சும்மா இருந்தேன். இப்போது இதே பெஞ்சின் அந்தக் கோடியில் புயல் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா, பம்ப்பைப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுத்தான் கிண்ணம் கழுவப் போனேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். சொல்லியிருப்பாளோ என்னவோ, எனக்கு அதுவும் தெரியவில்லை. பக்கத்தில் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடுகிறார்கள்.

மணி ஒன்றரை. உடை மாற்றும் அறையில் இருக்கிறேன். சொல்லிவிட்டேன் தங்கம். நான் எழுதிக் கொடுத்தது தப்பு, மெஷின் கத்தியிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று நின்றபடியே சொன்னேன். மேட்ரன் நம்பவில்லை. பாவப்பட்டு இந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பாக்கறீங்களா சிஸ்டர், நான் பேசுறதெல்லாம் இப்ப உங்களுக்குக் கேக்குதே என்றார். மியூசிக் கோர்ஸ், ஏழாம் கேள்வி என்று நான் ஆரம்பித்ததும் பெரிய டாக்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சரி, அந்தப் பம்ப்பையே கொண்டுவாங்க, நான் சுவரைப் பாத்து நிக்கிறேன், கேட்டா கையைத் தூக்குறேன் என்றேன். கொண்டுவந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. இன்னும் பிளக்கே சொருகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. மேட்ரன் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த நிமிஷத்தை நீ பார்க்காமல் போனதே நல்லது.

புயலின் மெமோவை அங்கேயே ரத்து செய்தார்கள். நான் இன்றிலிருந்து வார்டுக்குள் போகக் கூடாது, நாளைக்குக் காது டாக்டர், அப்புறம் பழைய ரெஜிஸ்டரையெல்லாம் எடுத்து நான் இருந்த ஷிப்டுகளைப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும், நானே உட்கார்ந்து தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வராந்தாவில் புயல் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள். பதினோரு நாளா நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன் அக்கா, நிஜமாவே நான்தான் அமுக்கிட்டுப் போனேனோன்னு, வீட்ல பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியல என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அவள் போன வேகத்துக்கு இரண்டே எட்டில் மாடிப்படி வந்துவிட்டது. பின்னாலேயே போய் என்ன சொல்வது, அவள் வீட்டுக்கே ஒரு நாள் போய் அவள் புருஷன், பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அவள் கதவைத் திறந்தால் சரி, திறக்காவிட்டால் வெளியே நின்று சொல்வேன்.

அப்பா போன் போட்டால் அவரிடம் கோபமாகப் பேசாதே, இன்றைக்கு நான் வீட்டுக்குப் போனால் அவர் முகம் எப்படி இருக்குமோ. கோர்ஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட வேண்டும். நீ நாள் முழுக்க ஹெட்போனும் கையுமாக இருப்பவள், சத்தத்தைக் குறைத்து வை, இந்த வருஷத்துக்குள் ஒரு தடவை காதைக் காட்டு, தள்ளிப்போடாதே. தீர்க்காயுசாக, எடுத்த காரியம் கைகூடி, மனசு நிறைந்து இரு. அப்புறம் ஒன்று, லைன் சரியில்லாதபோது கேக்குதாம்மா கேக்குதாம்மா என்று கத்துவாய், நானும் கேக்குது கேக்குது என்பேன், பாதி நாள் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, நீ மறுபடி சொல்லக் கஷ்டப்படுவாயே என்று சொன்னது அது. இனிமேல் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்வேன், நீ அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா