அறுபடாத மரப்பிடி

அன்பு மகளுக்கு,

துப்பாக்கிப் பட்டறைக்கார வெண்டலோடு மல்லுக்கட்டியே என் உயிர் போகிறது. உன் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியை உனக்கான வேட்டைத் துப்பாக்கியாக மாற்றச் சொல்லி, கோடையிலேயே அவன் பட்டறையில் கொடுத்தேன். பழைய இரும்பைப் பளபளவென்று தேய்த்துப் புதுக் குழலும் மாட்டிவிட்டான். மரப்பிடி மட்டும் அறுபடாமல் கிடக்கிறது. தோளில் ஊன்றிச் சுடுகிறவரின் கை நீளத்துக்கு அது பொருந்த வேண்டுமாம்.

"உன் பொண்ணு கை நீளம் என்னய்யா?" என்றான். சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளை கை மாதிரியில்ல இருக்கு! அவ டென்வர் பட்டணம் போயே எத்தனை வருஷமாச்சு? பேசாம உன் கைக்கே அறுத்துடட்டுமா?"

"மரத்துல ரம்பத்த வச்சே, அப்புறம் தெரியும் சேதி!" என்று கத்திவிட்டு வந்தேன். உன் கை இப்போது என் கையைவிட நீளமாக இருந்து, குட்டையாக அறுத்துவிட்டால் பிறகு நீட்ட முடியுமா? அந்த மடையனுக்கு இது புரியவில்லை.

அக்டோபரில் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. தடித்த வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கையை அளக்க வேண்டும். உன் கோட்டு இங்கே, கதவருகே கொக்கியிலேயே தொங்குகிறது.

அளவைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று வெண்டல் சொல்வான். நம்பாதே.

உன் அப்பா