குசினியில் எடுத்த குரல்

மாங்குளம்
05.05.2025

என்னைப் போனில் புளொக் பண்ணி, வட்ஸ்அப்பில் புளொக் பண்ணி, தன்ர தம்பி சதீஸைக் கொண்டும் புளொக் பண்ணுவித்த என் அன்பு மனைவி பிரேமிளாவுக்கு,

நான் சுகம். உம்முடைய சுகத்தைப் புளியங்குளத்தால் வாற பஸ் கொண்டக்டரிட்டைக் கேட்டு அறிகிறன். தபாற்கந்தோரில் முத்திரை கேட்டதும் அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோட்டு வழக்கு விசயமோ?" எண்டுது. மனுசிக்குக் கடிதம் எண்டன். "அப்ப அதுதான்" எண்டுது.

நேற்றுப் பொலிசில் கூப்பிட்டவை. உம்முடைய முறைப்பாட்டை எழுதின ஐயா நல்ல மனுசன். அவருடைய தண்ணி மோட்டரை நான்தான் திருத்திக் குடுத்தனான். பேனையால் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "என்ன களவு போனது?" எண்டார்.

"ஒண்டும் போகேல்லை ஐயா."

"அடிச்சனீரோ?"

"நானோ? அவவையோ?"

அந்தாள் சிரிச்ச சிரிப்பிலேயே வீடியோவைப் பார்த்திட்டார் எண்டு விளங்கியிட்டுது. "சொந்த மனுசி, சொந்தக் குசினி, சொந்தப் போன். இதை நான் எந்தப் புத்தகத்தில் எழுதிறது?" எண்டு என்னட்டையே கேட்டார்.

நான் செய்தது பிழைதான். உப்புப் போத்தலில் போனைச் சாய்த்து வைச்சிட்டு, உம்மைக் கோபப்படுத்த அரசியல் கதைச்சனான். நீர் திரும்பிப் பாராமலே, "ஒல கொதிக்கிறதுக்கு முந்தி ஒங்க வாய் கொதிச்சிருது. அரிசிய எதுல போட?" எண்டீர். நான் அந்த வீடியோவை நெட்டில் விட்டன். மூண்டு லட்சம் பேர் பார்த்தவை. நீர் வீட்டை விட்டுப் போன அண்டைக்கே அழிச்சும் போட்டன்.

ஆனால் ஒண்டு கேக்கிறன். பேச்சு வாங்கினவன் நான். ஊர் சிரிச்சது இந்தத் தொப்பையைப் பார்த்து. முறைப்பாடு நானெல்லோ போடவேணும்?

மூண்டு நாளாப் பாணும் சம்பலும். சம்பலும் கடையில் வாங்கினது.

இப்படிக்கு,
எதிரி
குகதாசன்

*

புளியங்குளம்
10.05.2025

உங்களுக்கு,

கடிதம் கெடச்சது. சதீஸ் வாசிச்சிட்டுச் சிரிச்சான். அதனால அவன்கிட்டயும் ரெண்டு நாள் பேசல.

உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. இல்லீங்க.

போன மாசம் முன்பள்ளியில பெற்றோர் கூட்டம். புள்ளைகளுக்குத் தண்ணிப் போத்தல் குடுத்து விடுங்கன்னு சொல்ல எழும்பினேன். நான் வாய் திறக்கிறதுக்குள்ள பின்னால ஒரு அம்மா போனை அமத்தினாங்க. "அரிசிய எதுல போட?" என் குரலே வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மத்த டீச்சருமாரும்தான். அங்க நீங்களும் இல்ல, உங்க தொப்பையும் இல்ல. நான் பேசுற விதம்தான் அங்க பகிடி.

எங்கப்பா மாயாண்டி எழுபத்தேழு கலவரத்துல மலையகத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு பெட்டியோட இங்க வந்தார். நான் பொறந்தது வன்னியில. பள்ளிக்கூடத்துல உங்க ஆக்கள் பேச்சைப் பழகிக்கிட்டேன். கடைக்கும் அதுதான், கூட்டத்துக்கும் அதுதான். குசினியில மட்டும் எங்கம்மா பேச்சு. இருபத்திரண்டு வருசமா உங்களுக்கு மட்டும் கேட்ட பேச்சு அது.

இப்ப புள்ளைங்க முன்னால நின்னா வாய் வரமாட்டேங்குது. எந்தப் பேச்சைப் பேசறதுன்னு தெரியல. மாசக் கடைசி வரைக்கும் லீவு தந்திருக்காங்க. அதுக்குள்ள போகலைன்னா வேற ஆள் எடுப்பாங்களாம்.

என்ன களவு போனதுன்னு பொலிஸ் ஐயா கேட்டாராமே. இனிக் கேட்டா சொல்லுங்க.

வவுனியாவுல பிரஷாந்தினி மிஸ்ஸுன்னு ஒரு சட்டத்தரணி. அவங்க எனக்காகக் கோட்டுல மனுப் போடப் போறாங்க.

கடைச் சம்பல் உங்க வயித்துக்கு ஆகாது.

பிரேமிளா

*

மாங்குளம்
17.05.2025

அன்புள்ள பிரேமிளா,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். முதல் மூண்டு தரமும் மறுமொழியாய் ஒரு பகிடி தேடினன். கிடைக்கேல்லை.

கோட்டடியில் பெட்டிசம் எழுதிற நல்லதம்பி அண்ணையிட்டைப் போனன். முழுக்கக் கேட்டிட்டு என்ர முதுகில் தட்டினார். "தம்பி, நீ வெண்டிட்டாய். பழைய சட்டம் பொய் சொன்னவனைத் தேடும். நீ பொய் சொல்லேல்லை. ஆக்களின்ர சொந்த விபரத்தைக் காக்கிற புதுச் சட்டத்திலயும் வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு விலக்குக் கிடக்கு. அதோட, நீ போட்டதை அழிச்சிட்டாய். இப்ப ஓடுறதெல்லாம் பிரதி. கொம்பியூட்டரே ஆக்களின்ர குரலைச் செய்யிற காலம். எடுத்தவனே வந்து இது இன்னாற்றை குரல் எண்டு சொன்னாலொழிய ஒருத்தரும் நிரூபிக்க ஏலாது. நீ வாயை மூடிக்கொண்டிரு, காணும்."

இருபத்திரண்டு வருசமா நீர் சும்மா சொன்னதை அவர் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அண்ணை, மூண்டு லட்சம் பேர் எட்டிப் பார்த்த பிறகும் அது வீடோ?" எண்டு கேட்டன். அந்தக் கேள்விக்கு வேற பீஸ் எண்டார்.

வெண்டவன் வீட்டை வந்து கதிரையில் இருந்து வீடியோவைத் தேடினன். நான் அழிச்சாப் போலை அது போயிடுமே? பதினொரு பேர் தங்கட பக்கங்களில் போட்டிருக்கினம். ஒருத்தன் பறை மேளம் சேர்த்திருக்கிறான். எடுக்கச் சொல்லி எழுதினன். "நீ ஆர்? இது கொம்பியூட்டர்க் குரல் எண்டெல்லோ நினைச்சம்" எண்டு மறுமொழி வந்தது.

பிறகு கொமென்ட் எல்லாம் வாசிச்சன். அறுநூற்றிச் சொச்சம். முந்தி எத்தினை எண்டு மட்டும்தான் எண்ணினனான். ஒண்டிலகூட நான் இல்லை. தோட்டத்து ஆக்களை இளக்காரமாய்ச் சொல்லுற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கினம். அதை இந்தக் கடதாசியில் எழுதமாட்டன். எங்கட கலியாணத்துக்கு முதல் என்ர அம்மா அதே சொல்லைச் சொன்னவா. நீர் கதவடியில் நிண்டனீர். அண்டைக்கும் நான் ஒரு பகிடி விட்டுச் சமாளிச்சனான். எல்லாரும் சிரிச்சவை. நீர் சிரிச்சனீரோ எண்டு நான் பார்க்கேல்லை.

திரை வெடிச்ச பழைய போன் அலுமாரிக்குள்ள கிடக்கு. எடுத்த வீடியோ அதில் அப்பிடியே இருக்கு. இதை உமக்கு எழுதவே கூடாது எண்டு நல்லதம்பி அண்ணை தலையில் அடிச்சுச் சொன்னவர்.

குகதாசன்

*

புளியங்குளம்
22.05.2025

உங்களுக்கு,

கதவடியில நான் சிரிக்கல.

கடிதத்தை மிஸ்ஸுக்குக் காட்டினேன். அந்தப் போனும், எடுத்தவர் கையெழுத்துப் போட்ட சத்தியக்கடதாசியும் வேணுமாம். அது இருந்தா பதினொரு பேரையும் எடுக்கச் சொல்லிக் கேக்கலாமாம். அந்தக் கடதாசி உங்களுக்கு எதிராவும் நிக்கும். அதையும் சொல்லிடணும்னு மிஸ் சொன்னாங்க. சொல்லிட்டேன்.

அதுல ஒரு பகிடியும் இருக்கக் கூடாது.

பிரேமிளா

*

சத்தியக்கடதாசி

மாங்குளத்தில் வசிப்பவரும் தண்ணி மோட்டர் திருத்துபவருமான கந்தையா குகதாசனாகிய நான் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிபடக் கூறுவதாவது:

இத்துடன் ஒப்படைக்கப்படும் போனில் உள்ள வீடியோவை, 2025 பங்குனி 16ஆம் திகதி எமது வீட்டுக் குசினியில் நானே எடுத்தேன். அதில் கேட்பது என் மனைவி பிரேமிளாவின் குரல். அது கொம்பியூட்டர் செய்த குரல் அல்ல.

போன் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அதில் வரும் வார்த்தைகள் அவருடையவை. அவை எனக்கு மட்டும் சொல்லப்பட்டவை. அவற்றை நான் மற்றவர்களுக்குக் கொடுத்தேன். கொடுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

இதனை வாசித்து விளங்கி, சமாதான நீதவான் முன்னிலையில் 2025 வைகாசி 27ஆம் திகதி கையொப்பமிட்டேன்.

க. குகதாசன்

*

புளியங்குளம்
07.06.2025

உங்களுக்கு,

கடதாசியும் போனும் மிஸ்கிட்ட இருக்கு. ஒளிச்சு வச்ச பகிடி எங்கயாவது இருக்கான்னு நான் மூணு தரம் தேடினேன். மிஸ் அதோட பிரதியை அனுப்பினதும் ஏழு பேர் தாங்களாவே எடுத்திட்டாங்க. மேளக்காரனும் எடுத்திட்டான். நாலு பேர் பாக்கி. அவங்களுக்கு எதிராவும் உங்களுக்கு எதிராவும் போட்ட மனுவை 30ஆம் திகதி கூப்பிடுறாங்க. நான் வாபஸ் வாங்கல.

ரெண்டாம் திகதி வேலைக்குப் போனேன். பஸ்ஸில போகும்போது உங்க கடைப் பக்கம் பார்க்கல. சரி, பார்த்தேன். மெலிஞ்சிட்டீங்க.

முன்பள்ளியில எங்கம்மா பேச்சுலயே பேசிட்டேன். வேற எதுவும் வாயில வரல. ஒரு பொம்பளப் புள்ள கையைத் தூக்கி, "டீச்சர், அரிசிய எதுல போட?"ன்னு கேட்டுச்சு. மத்த டீச்சருமார் என் மொகத்தையே பார்த்தாங்க. "ஒல கொதிக்கிற பானையில போடணும்"னேன். "ஆ, சரி"ன்னிச்சு. அந்தப் புள்ளைக்கு அது வெறும் கேள்விதான்.

15ஆம் திகதி ஞாயித்துக்கிழமை வாறேன். 30ஆம் திகதி கோட்டுக்கு ஒரே பஸ்ஸில போவோம். அங்க நீங்க ஒரு பக்கம் நில்லுங்க, நான் மறுபக்கம் நிக்கிறேன். மத்தியானச் சாப்பாடு கட்டி எடுத்துக்கிட்டுப் போகணும், ரெண்டு பேருக்கும்.

புதுப் போனை முற்றத்துல வச்சிட்டுக் குசினிக்குள்ள வாங்க. பதினொரு மணிக்கு ஒல வச்சிருங்க. அரிசிய நான் வந்து போடுறேன்.

பிரேமிளா